படபடக்கும் நெஞ்சோடும் வாருங்கள்



இன்று மாதத்தின் முதல் வெள்ளி. வழக்கம்போலக் காலையில் நோயுற்றோரின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோனோம். படுக்கையில் கிடப்பவர்களைப் பங்கு முழுவதும் அறியும். மன்றாட்டில் அவர்களை நினைத்து வேண்டுகிறோம். இந்த மாலைத் திருப்பலியில் நான் நினைத்துக்கொள்வது, எந்த மன்றாட்டிலும் இடம்பெறாத சிலரை. பகலில் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும் நெஞ்சு திக்கென்று ஒரு துள்ளு துள்ளுகிறது. ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கிறது. அடுத்தது ஓங்கி அறைகிறது. எழுந்து உட்கார்ந்தால் அடங்குகிறது, படுத்தால் திரும்ப வருகிறது. சிலருக்குக் குனிந்து வாளியைத் தூக்கும்போது வரும். சிலருக்கு முழங்காலில் இருந்து சட்டென்று எழும்போது வரும்.

டாக்டரிடம் போனார்கள். இ.சி.ஜி. எடுத்தார், எக்கோ பார்த்தார், ஹோல்ட்டர் கருவியை மார்பில் ஒட்டி ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்தார். ‘இதயம் நன்றாக இருக்கிறது, இது ஆபத்தில்லாத படபடப்பு, தைரியமாகப் போங்கள்’ என்று அனுப்பிவைத்தார். மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார்கள். அன்றிரவும் நெஞ்சு படபடத்தது.

ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட துன்பத்தைச் சுமப்பது கடினம். காட்டுவதற்குக் காயம் இல்லை, சொல்வதற்கு நோயின் பெயர் இல்லை. நம் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

பதிலுரைப் பாடலாக இன்று 139ஆம் திருப்பாடலைச் செபித்தோம். நாம் உட்காருவதும் எழுந்திருப்பதும் நடப்பதும் படுப்பதும் கடவுளுக்குத் தெரியும் என்று அந்தத் திருப்பாடல் அறிக்கையிடுகிறது. கடவுள் நம் ஆன்மாவை அறிவார் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், உடல் கிடக்கும் நிலையைக்கூட ஒவ்வொன்றாகச் சொல்கிறது. தாயின் வயிற்றில் நம்மை உருவாக்கியவர் அவரே என்றும் அதே பாடல் தொடர்ந்து பாடுகிறது. அப்படியானால் எந்தப் பக்கம் படுத்தால் உங்கள் நெஞ்சு துள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த நெஞ்சை உருவாக்கியவரே அவர்தானே.

அவர் உருவாக்கிய அந்த இதயத்தைச் சற்றுப் பார்ப்போம். நம் கைமுட்டியளவே இருக்கும் அந்தத் தசை ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. அதன் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுத் தொகுதிதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கிறது. சில வேளைகளில் இதயத்தின் வேறோர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பே கிளம்பிவிடும். அப்போது இதயம் சரியாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு கை நாடியில் தெரியாமலேகூடப் போகலாம். அதன்பின் சற்று நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த துடிப்பை ஓங்கி அடிக்கும். ‘நின்றே போய்விட்டது’ என்று நாம் நடுங்குவது அந்த இடைவெளியைத்தான். நம்மைத் தூக்கிப்போடும் அந்த அறையோ, இதயம் தன் ஒழுங்குக்குத் திரும்பிய துடிப்பு. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் இப்படி முந்திவரும் துடிப்புகள் உண்டு. பெரும்பாலானவர்கள் அதை உணர்வதேயில்லை. சிலர் ஒவ்வொன்றையும் உணர்கிறார்கள்.

படுக்கும் நிலையில் ஏன் அதிகம் தெரிகிறது? இதயத்தின் கூர்முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்தால் அது மார்புச் சுவரை நெருங்கி வந்து முட்டும். டாக்டர்களே இதயத்தின் முனைத் துடிப்பைத் தொட்டுப்பார்க்க நோயாளியை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வது இதனால்தான். தலையணையில் அழுந்திய காதுக்குள் நாடி கேட்கும். ஊர் அடங்கி வீடும் அடங்கிய நேரத்தில் வேறு ஓசை இல்லை. ஓய்வில் இதயம் மெதுவாகத் துடிக்கும்போது, முந்திவரும் துடிப்புக்கு நடுவில் இடமும் கிடைக்கிறது. வயிறு நிறைய உண்டு உடனே படுத்தாலும், குனிந்தாலும், வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி இதயத்தை உறுத்தும். சட்டென்று எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் சிறிது நேரம் வேகமாக அடிக்கிறது. இவை உடல் தன் வேலையைச் செய்யும் முறைகள். தண்டனை எதுவும் இவற்றில் இல்லை. செய்வினையும் இல்லை, யாருடைய கண்ணும் பட்டுவிடவில்லை.

இந்த ஆறுதலை நான் யாருக்குச் சொல்கிறேன் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். பரிசோதித்துக்கொண்டவர்களுக்குச் சொல்கிறேன். இன்னும் டாக்டரைப் பார்க்காமல், ‘வாயுதான், சரியாகிவிடும்’ என்று நாளைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்கிறது. நோயுற்றவன் செபிக்கட்டும், மருத்துவருக்கும் இடம் கொடுக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. படபடப்புக்கு இரத்தசோகை காரணமாக இருக்கலாம். நம் பெண்கள் பலருக்கு அது இருக்கிறது. தைராய்டு காரணமாக இருக்கலாம். காய்ச்சலோ, உடலில் நீர் குறைவதோ, சில சளி மருந்துகளோ காரணமாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையும் ஓர் இ.சி.ஜி.யும் பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

படபடப்போடு மயக்கம் வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், வேலை செய்யும்போதோ படியேறும்போதோ படபடப்பு வந்தாலும், அடங்காமல் தொடர்ந்து வேகமாக அடித்தாலும் தாமதிக்காதீர்கள். மயக்கத்துக்கும் நெஞ்சு வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் 108ஐ அழையுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகியிருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறுபடி வந்து பார்க்கச் சொன்னால் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். செபமாலை கையில் இருக்கிறது என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதை நம்பிக்கை என்று திருச்சபை ஒருநாளும் கற்பித்ததில்லை.

பரிசோதித்து, நல்ல செய்தியோடு திரும்பியவர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். நீங்கள் படும் பாட்டில் துடிப்பின் பங்கு சிறிது, அச்சத்தின் பங்கு பெரிது. நெஞ்சு ஒரு முறை துள்ளியதும் பயம் வருகிறது. பயம் வந்ததும் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அது நெஞ்சை இன்னும் வேகமாக அடிக்கவைக்கிறது; பயம் கூடுகிறது. கை தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடியை எண்ணுகிறது. நாளடைவில் வாழ்க்கையே சுருங்கத் தொடங்குகிறது. தனியாகப் படுக்க முடியவில்லை. வெளியூர்த் திருமணத்துக்குப் போக மனம் வரவில்லை. கோவிலில் கடைசி வரிசையில் வாசலோரமாகத்தான் உட்கார முடிகிறது. ‘இந்தப் படபடப்பு முதலில் நிற்கட்டும், பிறகு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருக்கிறீர்கள்.

அன்பானவர்களே, அந்தக் காத்திருப்பை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இன்று இந்த மறையுரை. நெஞ்சு அமைதியான பிறகு வாழலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். படபடக்கும் நெஞ்சோடே செபிக்கலாம், உழைக்கலாம், அன்பு செய்யலாம்.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இறுதி இரவுணவைப் பாருங்கள். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் படத்தில் எல்லாரும் நாற்காலியில் அமர்ந்திருப்பது போல வரைந்திருப்பார்கள். அக்கால விருந்தில் இடது முழங்கையை ஊன்றி, இடப்பக்கம் ஒருக்களித்துச் சாய்ந்தபடி வலக்கையால் உண்பதே வழக்கம். நீங்கள் அஞ்சுகிற அதே இடப்பக்கம்தான். ஆண்டவரும் அப்படித்தான் சாய்ந்திருந்தார். அவர் அன்பு செய்த சீடரும் அப்படியே சாய்ந்திருந்தார். உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் பந்தி முழுவதும் திகைத்துப்போனது. யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சீடர் செய்தது ஒன்றே ஒன்று. இருந்தபடியே பின்னால் சாய்ந்து, ஆண்டவரின் மார்பில் தலையை வைத்து, ‘ஆண்டவரே, யார் அவன்?’ என்று கேட்டார்.

அதற்குச் சற்று முன் நற்செய்தியாளர் ஒரு செய்தியைக் குறித்துவைத்திருக்கிறார். அப்போது இயேசுவின் உள்ளம் கலங்கியிருந்தது என்கிறார். சீடர் தலைசாய்த்த மார்பு, அச்சமே அறியாத மார்பு அன்று. சிறிது நேரத்தில் கெத்சமனித் தோட்டத்தில் அவர் தரையில் விழுந்து செபிக்கப்போகிறார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள்போல நிலத்தில் விழும் என்று லூக்கா எழுதுகிறார். கலங்கிய அந்த நெஞ்சோடுதான் அவர் அப்பத்தை எடுத்தார், சீடர்களின் கால்களைக் கழுவினார், தம்மையே கொடுத்தார். கலக்கம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சாய வந்தவரைத் தள்ளிவிடவும் இல்லை. ஆகவே, ‘விசுவாசம் இருந்தால் பயம் வராது’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் மனம் உடைந்துவிடாதீர்கள். நெஞ்சு கலங்குவது பாவம் இல்லை. ஆண்டவருக்கே கலங்கியது.

நம் புனிதர்களில் ஒருவரை இங்கே நினைவுகூரலாம். புனித பிலிப்பு நேரி 1515இல் பிளாரன்சில் பிறந்தவர். மே 26 அவருடைய திருவிழா. 1544இல், 30 வயது நிரம்பாத பொதுநிலையினராக, உரோமையில் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறையில் பெந்தக்கோஸ்து நாளை ஒட்டிச் செபித்துக்கொண்டிருந்தபோது நெருப்பு ஒன்று தம் மார்புக்குள் இறங்கியதாக உணர்ந்தார். அன்று முதல் இறக்கும்வரை அவருக்கு நெஞ்சுப் படபடப்பு இருந்தது. செபிக்கும்போது அது மிகுந்து, அவர் உட்கார்ந்திருந்த இருக்கையே அதிர்ந்தது என்று அவரை அறிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 1595இல் தமது 79ஆம் வயதில் அவர் இறந்தபின் உடலைப் பரிசோதித்தவர்கள், இதயத்துக்கு மேலே இரண்டு விலா எலும்புகள் விலகி வெளியே வளைந்திருக்கக் கண்டார்கள். அவருக்கு இருந்தது வேறு, உங்களுக்கு இருப்பது வேறு; இரண்டையும் ஒன்றாக்கிப் பயந்துவிடாதீர்கள். நான் சொல்லவருவது அவர் வாழ்ந்த விதத்தை. அந்த நெஞ்சோடு அவர் 50 ஆண்டுகள் உரோமை நகரின் தெருக்களில் நடந்தார். நோயாளிகளைப் பராமரித்தார், இளைஞர்களைக் கூட்டிப் பாடவும் செபிக்கவும் வைத்தார், 1551இல் குருவாகிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாள்தோறும் பலமணி நேரம் அமர்ந்தார். சோதனையில் தவித்து வந்தவர்களின் தலையைத் தம் மார்போடு அணைத்துக்கொள்வார். அந்தத் துடிப்பைக் கேட்டவர்கள் ஆறுதல் அடைந்து போனார்கள். படபடக்கும் நெஞ்சு பிறர் வந்து சாயும் இடமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இவரே சாட்சி.

இனி, நடைமுறைக்குச் சில சொற்கள்.

இடப்பக்கம் படுத்தால் படபடக்கிறதா? வலப்பக்கம் படுங்கள். சாப்பிட்டபின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று பெரியவர்கள் சொல்வது செரிமானத்துக்காக. அதை மீறினால் குற்றமாகிவிடாது. கருவுற்ற பெண்களை இடப்பக்கம் படுக்கச் சொல்வார்கள். படபடப்பு தொல்லை தந்தால் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தலைமாட்டைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். இரவு உணவை முன்கூட்டியே அளவாக உண்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கலாம். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மதுவையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்ச நேரம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். டாக்டர் தந்த மாத்திரையையோ ஆஸ்துமா மருந்தையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். எலியா இறைவாக்கினர் சாகவேண்டும் என்று சோர்ந்து படுத்தபோது, வானதூதர் அவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன்பு அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டார் என்று 1 அரசர்கள் 19ஆம் அதிகாரம் காட்டுகிறது. உடலைப் பேணுவது இறைப்பணிதான்.

கோவிலிலும் உங்கள் உடலை வருத்திக்கொள்ள வேண்டாம். திருப்பலியில் நாம் நிற்கிறோம், உட்காருகிறோம், முழங்காலிடுகிறோம். உடல்நிலை இடம் கொடுக்காதவர் முழங்காலிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது திருச்சபையின் ஒழுங்கு. உட்கார்ந்தே செபியுங்கள், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று எண்ணாதீர்கள். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கிறோம். திருச்சபைச் சட்டம் 919இன்படி தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிக்காது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேர விதியும் இல்லை. எனவே தாகத்தோடு வந்து மயங்கி விழாதீர்கள்.

இரவில் நெஞ்சு துள்ளும்போது நாடியைப் பிடிக்கும் கையில் செபமாலையைப் பிடியுங்கள். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு, 23 பேரை இலத்தீனில் செபமாலை சொல்லவைத்துப் பார்த்தது. செபித்தபோது அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்று மெதுவானது. இதயத்தின் தாளமும் அதற்கு இசைந்தது. செபத்தை மாத்திரை என்று நான் சொல்லமாட்டேன். படபடப்பு நிற்க வேண்டும் என்பதற்காக மட்டும் செபித்தால், நிற்காத இரவில் செபத்தையும் கைவிட்டுவிடுவோம். அவரோடு இருப்பதற்காகச் செபியுங்கள். அவசரமின்றி, ஓர் அருள் நிறைந்த மரியேக்கு ஒரு நீண்ட மூச்சு விட்டு. துடிப்பு அடங்கினால் நன்றி சொல்லுங்கள். அடங்காவிட்டாலும், டாக்டர் சொன்ன நல்ல செய்தி அந்த இரவிலும் உண்மைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அச்சம் உங்களை விடாமல் வாட்டி, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். அதுவும் சீராக்கின் நூல் சொல்லும் மருத்துவமே.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ‘டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், பிறகென்ன சும்மா பயப்படுகிறாய்?’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவர்கள் உணர்வது உண்மையான துடிப்பு. நடுஇரவில் உங்கள் மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தால் நீங்களும் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். உங்கள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் கேலி செய்யாமல் அவர் கையைப் பிடித்து, ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதேபோல, ஒவ்வொரு துள்ளலுக்கும் பதறி ஊரைக் கூட்டவும் வேண்டாம். உங்கள் பதற்றம் அவர்களுடைய பயத்தை வளர்க்கும். நீங்கள் நிதானமாக உடன் இருந்தால் அவர்களுக்குத் தெம்பு வரும்.

சகோதர சகோதரிகளே, சற்று நேரத்தில் நற்கருணை வாங்க வரிசையில் வருவோம். எங்கே மயங்கிவிடுவோமோ என்று அஞ்சிக் கடைசி வரிசையிலேயே இருந்துவிடுகிறவர்கள் இன்று எழுந்து வாருங்கள். மெதுவாக எழுந்து, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும். கலங்கிய நெஞ்சோடு தம்மைக் கொடுத்தவரைத்தான் பெற்றுக்கொள்ளப்போகிறீர்கள். வீட்டுக்குப் போனதும் நீங்கள் தள்ளிவைத்திருக்கும் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குங்கள். பார்க்காமல் விட்ட நோயாளியைப் போய்ப் பாருங்கள், போகாமல் விட்ட உறவு வீட்டுக்குப் போங்கள். இயேசுவின் திரு இதயம் உங்கள் இல்லங்களையும், உங்கள் இரவுகளையும், உங்கள் உறக்கத்தையும் ஆசீர்வதிப்பதாக. ஆமென்.